பின் வீல் பேரிங் மாற்றப் போய், உள்ளே ஒரு குழாயையே காணோம்

பின் சக்கரத்துப் பேரிங் சில நூறு ரூபாய்ச் சாமான். அதை மாற்ற எனக்கு ஆன கணக்கில் தேவையே இல்லாத ஒரு செயின் செட், ஒரு லேத் வேலை, ஒரு வெல்டிங், சக்கரத்துக்குப் போட்ட லக்கேஜ் டிக்கெட் எல்லாம் சேர்ந்திருக்கிறது. எரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட்டால் வேறு யாருக்காவது உதவும்.

வண்டி 150 சிசி, பின்னால் டிரம் பிரேக், மீட்டரில் 92 ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். வீடு கோத்தகிரி, வேலை குன்னூர். தினமும் வளைவு, ஏற்றம், இறக்கம்தான். ஐப்பசி கார்த்திகை வந்துவிட்டால் இந்தப் பக்கம் மழை விடாது. ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஆடி மழை என்றால் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அந்த ஈரத்தில் ஓடுகிற வண்டிக்குப் பேரிங் போவது அதிசயம் இல்லை. போன வருஷம்தான் ஒரு பட்டறையில் பின் பேரிங் மாற்றியிருந்தேன் என்பதுதான் உறுத்தியது.

முதலில் வந்தது ஒரு ஊளைச் சத்தம். 40க்கு மேல் போனால் பின்னாலிருந்து 'ஊம்ம்' என்று எழும்பும். வலது பக்கம் சாய்த்து வளைத்தால் கூடும், இடது பக்கம் சாய்த்தால் அடங்கும். அதே பட்டறைக்குத்தான் போனேன். டயர் பட்டன் தேய்ந்திருக்கிறது, அதன் சத்தம் என்றார். டயரைப் பார்த்தால் பாதிக்கு மேல் ஆயுள் இருந்தது. அதைச் சொன்னதும், "அப்ப செயின் செட்டுதான் தம்பி" என்று செயின், அது ஓடும் பல்சக்கரங்களான இரண்டு ஸ்ப்ராக்கெட் எல்லாம் மாற்றிக் கொடுத்தார். சத்தம் ஒரு சுருதிகூட மாறவில்லை.

இன்ஜின் சத்தமா, சக்கரத்துச் சத்தமா என்று பிரிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில் சத்தம் வரும் வேகத்துக்குக் கொண்டுபோய்க் கிளட்சைப் பிடியுங்கள். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கும். சத்தமும் கூடவே இறங்கினால் கோளாறு இன்ஜின் பக்கம். வண்டி வேகத்தோடேயே ஒட்டிக்கொண்டு மெதுவாகக் குறைந்தால் சக்கரம், செயின், டயர் இவற்றில் ஏதோ ஒன்று. மலை இறக்கத்தில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். இன்ஜின் பிடிப்பு இல்லாமல் இறங்கினால் பிரேக் ஷூ சூடேறிக் கைவிட்டுவிடும்.

அப்புறம் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, டயரை மேலும் கீழுமாக, கடிகாரத்தில் 12க்கும் 6க்கும் உள்ள இடத்தில் இரண்டு கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். 'டொக் டொக்'. நல்ல சக்கரத்தில் இந்த ஆட்டமே இருக்கக் கூடாது. ஒரு எச்சரிக்கை: பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருந்தாலும் இதே மாதிரி ஆடும். ஆட்டும்போது ஸ்விங் ஆர்மும் சேர்ந்து அசைகிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு அது சும்மா இருந்தது, சக்கரம் மட்டும் ஆடியது.

அந்தப் பட்டறைக்கு இனிமேல் போவதில்லை என்று தீர்மானம். எங்கள் தெருவில் டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். ராத்திரி பகலாக மோட்டார் பேரிங்குகளோடு குடித்தனம் நடத்துகிறவர். "கழட்டலாம் தம்பி, பேரிங்கை வாங்கிட்டு வா" என்றார்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அடுத்த கூத்து. மாடலைக் கேட்டதும் கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே, "அது நின்னுபோன மாடல், வராது. ஹப்போட சேர்த்துத்தான் மாத்தணும்" என்றார். ஹப் என்பது சக்கரத்தின் நடுவில் பேரிங்குகள் உட்காரும் உருளை. அதை மாற்றினால் ஸ்போக்கும் ரிம் கோர்ப்பும் சேர்ந்துகொள்ளும், விலை எங்கேயோ போய்விடும். திரும்பி வந்து சொன்னதும் அண்ணன் சிரித்தார். "பேரிங் பைக்குக்குச் சொந்தமில்லடா, நம்பருக்குத்தான் சொந்தம்." பழைய பேரிங்கின் ஓரத்தில் நம்பர் இருக்கும். என்னுடையதில் 6302. உள் விட்டம் 15 மி.மீ, வெளி விட்டம் 42, அகலம் 13. உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவுதான். மோட்டார், பம்ப் ரிப்பேர் செய்கிறவர்கள் தினமும் வாங்குகிற சாமான். பைக் கடையில் இல்லையென்றால் பேரிங் கடையில் கிடைக்கும். 6202ஐ மட்டும் இதற்குப் பதிலாக வாங்கிவிடாதீர்கள். ஓட்டை அதே 15தான், சக்கரத்தின் நடுவே போகும் ஆக்ஸில் கம்பியில் அழகாக நுழையும். ஆனால் வெளி விட்டம் 35, ஹப்பில் லொடலொடக்கும்.

நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் பாருங்கள். இசட்.இசட். என்றால் இரண்டு பக்கமும் தகர மூடி, 2ஆர்.எஸ். என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். மழை ஊருக்கு ரப்பர்தான். கடையில் முதலில் நீட்டியது தகரம்! "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று வேறு சொன்னார். ஒன்றில்லை. தகர மூடி தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. இன்னொன்று, பின் ஹப்பில் பேரிங் இரண்டு என்று கணக்குச் சொல்லி இரண்டைக் கட்டிக் கொடுப்பார்கள். ஸ்ப்ராக்கெட் உட்காரும் கப்ளிங்கில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதன் நம்பர் பெரும்பாலும் வேறாக இருக்கும். சக்கரத்தைக் கழற்றிய கையோடு மூன்றையும் மாற்றிவிடுவதே லாபம். ஆயில் சீலும் புதிதாக வாங்குங்கள்.

டூப்ளிகேட் தொல்லை தனி. பிரபல கம்பெனிப் பேரிங்குக்குத்தான் போலியும் அதிகம். எஸ்.கே.எஃப். மாதிரிக் கம்பெனிகள் டப்பாவையும் பேரிங்கையும் படமெடுத்து அனுப்பிச் சரிபார்க்க மொபைல் ஆப்பே வைத்திருக்கின்றன. அண்ணன் அதெல்லாம் பார்க்கவில்லை. ஓரத்தில் இருக்கும் எழுத்தை நகத்தால் சுரண்டினார், விரலில் மாட்டிச் சுற்றினார், "நல்ல சாமான்" என்றார். நாங்கள் வாங்கியது என்.பி.சி., ஜெய்ப்பூரில் தயாராவது.

சக்கரத்தைக் கழற்றியது பத்து நிமிஷ வேலை. பேரிங் என்பது ஒரு உள் வளையம், ஒரு வெளி வளையம், நடுவில் குண்டுகள், அவ்வளவுதான். அதைத் தட்டி எடுக்க ஒரு நீளமான ராடை ஆக்ஸில் ஓட்டை வழியாக விட்டு, எதிர்ப் பக்கத்துப் பேரிங்கின் உள் வளையத்தில் வைத்து, சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். இதில்தான் வழக்கமாகக் கஷ்டம். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு இரும்புக் குழாய், ஸ்பேசர், இருக்கும். அது ராடு முனைக்கு இடமே விடாது. குழாயை ஒரு பக்கமாக நெம்பித் தள்ளினால் நகக்கண் அளவு விளிம்பு தெரியும், அதில் பிடித்துத் தட்ட வேண்டும். எங்களுக்கு அந்தக் கஷ்டமே வரவில்லை. ராடு சுகமாக உள்ளே போய் வளையத்தில் உட்கார்ந்தது. நாலு தட்டில் ஸ்ப்ராக்கெட் பக்கத்துப் பேரிங் வெளியே. எனக்குச் சந்தோஷம். அண்ணன் முகம் மாறிவிட்டது. டார்ச்சை வாங்கி உள்ளே அடித்துப் பார்த்தார். "குழாய் எங்கடா?"

குழாய் இல்லை. போன வருஷம் பேரிங் மாற்றியவர் ஸ்பேசரைப் போடாமலே மூடியிருக்கிறார்.

அந்தக் குழாயின் வேலையைத் தெரிந்துகொண்டால்தான் என் கோபம் புரியும். ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது அந்த இறுக்கம் முழுக்க பேரிங்குகளின் உள் வளையம் வழியாகத்தான் போகிறது. நடுவில் குழாய் இருந்தால் அது அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும், உள் வளையங்கள் அசையாது. குழாய் இல்லாவிட்டால் இரண்டு உள் வளையமும் ஒன்றையொன்று நோக்கி உள்ளே நெருக்கப்படும், வெளி வளையம் ஹப்பில் நின்ற இடத்திலேயே நிற்கும். குண்டுகள் இரண்டுக்கும் நடுவில் பக்கவாட்டில் நசுங்கும். எவ்வளவு நல்ல பேரிங் போட்டாலும் சீக்கிரம் போய்விடும். நட்டைப் பலமாக இறுக்கினால் சக்கரம் சுற்றாது என்பதால், அந்தப் பட்டறையில் நட்டை அரைகுறையாக விட்டிருக்கிறார்கள். கழற்றும்போது ஸ்பானரை வைத்ததுமே நட்டு இளகியதற்குக் காரணம் அப்போதுதான் பிடிபட்டது. அந்த நட்டோடு தினமும் குன்னூர் போய் வந்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

பிரேக் பக்கத்துப் பேரிங் இன்னும் மோசம். தட்டியதும் உள் வளையம் மட்டும் கழன்று விழுந்தது, குண்டுகள் சில்லறைக் காசு மாதிரி தரையில் உருண்டன. வெளி வளையம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. உளி வைத்துக் கொத்தலாம் என்று பக்கத்தில் வேடிக்கை பார்த்தவர் யோசனை சொன்னார். அலுமினிய ஹப்பில் உளி சறுக்கினால் பேரிங் உட்காரும் இடத்தில் வடு விழும், அப்புறம் எந்தப் பேரிங்கும் இறுக்கமாக நிற்காது. வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம்.

ஸ்பேசர் தனியாகக் கிடைக்கவே இல்லை. ஆர்டர் போட்டால் வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். உள்ளூர் லேத்துக்காரர் உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். சரி, மேட்டுப்பாளையம்தான். சக்கரத்தைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் ஒன்றும் பேசாமல் லக்கேஜ் போட்டார். திரும்பி வரும்போது குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் தேடி ஏறியவர் சாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, சக்கரமா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

மேட்டுப்பாளையத்து லேத்துக்காரர் அறுபது தாண்டியவர். ஹப்பைத் திருப்பிப் பார்த்தார். "ஸ்லீவே இல்லாம ஓட்டிட்டிருந்தீங்களா தம்பி? தெகிரியந்தானுங்க." முதலில் ஒட்டிக்கொண்ட வளையத்தை எடுத்தார். உளியும் இல்லை, சுத்தியலும் இல்லை. வளையத்தின் உள் முகத்தில் வெல்டிங் ராடால் ஒரு சுற்று ஓட்டினார். வெல்டு ஆறும்போது சுருங்கும், வளையத்தையும் சேர்த்து உள்ளே இழுக்கும். கொஞ்ச நேரத்தில் சக்கரத்தைக் கவிழ்த்து லேசாகத் தட்டினார், வளையம் தானாக விழுந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இதைச் செய்யச் சொன்னால் நல்ல பேரிங்குகளை முன்னாலேயே வெளியே எடுத்துவிடுங்கள். வெல்டிங் கரண்ட் அவற்றின் வழியாகப் போனால் குண்டுகளில் பொறி பறந்து தழும்பு விழும்.

அடுத்தது குழாய். ஹப்புக்குள் இரண்டு பக்கமும் பேரிங் போய் முட்டும் ஸ்டெப் இருக்கிறது. ஸ்டெப்புக்கு ஸ்டெப் வெர்னியரில் அளந்தார், திரும்பவும் அளந்தார். குழாய் அந்த அளவைவிடத் துளி கூடுதலாக இருக்க வேண்டும். எனக்கு 0.2 மி.மீ கூட்டி வெட்டினார். குறைந்தால் குழாய் இல்லாத கதையேதான். இரண்டு முனையும் சொரசொரப்பு இல்லாமல், ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். முனை பேரிங்கின் உள் வளையத்தில் மட்டும் உட்கார வேண்டும், ரப்பர் சீலைத் தொடக் கூடாது. அதனால்தான் கையில் கிடைத்த வாட்டர் பைப்பை ஹேக்ஸாவில் அறுத்துப் போடுகிற வேலை ஆகாது. அவர் கேட்ட கூலி நான் பயந்ததில் பாதி.

மாட்டும் முன் பேரிங்குகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்தோம். "கோத்தகிரிக் குளிர் பத்தலையா?" என்று வீட்டில் கேட்டார்கள். ஹப்பை அண்ணன் ஃபேக்டரியில் டிரையர் பக்கம் வைத்து வெதுவெதுப்பாக்கிக் கொண்டுவந்தார். இரும்பைவிட அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். குளிர்ந்த பேரிங், சூடான ஹப் என்றால் பாதி வேலை தானாக முடிந்துவிடும். தட்டுவதற்குப் பழைய பேரிங்கையே மேலே வைத்தோம், அதன் ஓரத்தைக் கிரைண்டரில் லேசாகத் தேய்த்துக்கொண்டால் உள்ளே சிக்காது. அடி வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் அந்த அதிர்ச்சி குண்டுகள் வழியாகப் போய்ப் புதுப் பேரிங்கிலேயே குழி விழும். ஒரு பக்கத்தை ஸ்டெப்பில் முட்டும் வரை இறக்கி, குழாயைப் போட்டு, மறுபக்கத்தைக் குழாயில் தொடும் வரை மட்டும் இறக்கினோம். சத்தம் 'டப் டப்' என்று இருந்தது, 'டங்' என்று மாறியதும் நிறுத்தச் சொன்னார் அண்ணன்.

கடைசியாக ஒரு சோதனை. பட்டறையில் விட்டாலும் இதை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். செயினை மாட்டாமல் ஆக்ஸிலைக் கோத்து, நட்டைக் கையால் முடுக்கிச் சக்கரத்தைச் சுற்றுங்கள். அடுத்து ஸ்பானரால் முழு இறுக்கம் கொடுத்துச் சுற்றுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. இறுக்கியதும் சக்கரம் கனத்தால் குழாய் குட்டை, அல்லது குழாயே இல்லை. எங்களுடையது இறுக்கிய பிறகும் ஒரே மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. செயின் தொய்வு, பிரேக் சரிசெய்வது எல்லாம் வழக்கம்போல.

இப்போது ஊளை இல்லை. வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் மட்டும் ஹப் பக்கம் கன் பிடிக்காதே என்று பக்கத்திலேயே நின்றுகொள்கிறேன். அந்த அழுத்தத்தில் சீல் வழியாகத் தண்ணீர் புகும்.

பழைய பட்டறைக்குப் போய் லேத்தில் வெட்டிய துண்டின் மிச்சத்தைக் காட்டிக் கேட்டேன். "அது இல்லாமலும் ஓடும் தம்பி, நிறைய வண்டி ஓடுது" என்றார். பணம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை, ஓடும்தான். அங்கே பேரிங் மாற்றிய தெரிந்தவர்கள் எல்லோரிடமும் ஆக்ஸிலை உருவி ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வழவழப்பான குழாய்ச் சுவர் தெரிந்தால் நல்லது. ஹப்பின் வெற்று வயிறு தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

என் முன் சக்கரத்தையும் அன்று மாலையே உருவிப் பார்த்துவிட்டேன். குழாய் இருந்தது. அதில் இன்னும் எந்தப் பட்டறையும் கை வைக்கவில்லை.