ஒட்டுறவுக் கெழு: கையால் போடும்போது எங்கே சறுக்கும்?

ஒட்டுறவுக் கெழு (correlation coefficient) என்பது இரு அளவுகள் எவ்வளவு தூரம் சேர்ந்தே மாறுகின்றன என்று காட்டும் எண். ஐந்து ஜோடி எண்களே போதும், இந்தக் கணக்கின் எல்லாப் பொறிகளும் அதற்குள் இருக்கின்றன. எக்ஸ்: 2, 4, 5, 6, 8. ஒய்: 3, 7, 6, 10, 9. கூடுதல் 25, 35. சராசரி 5, 7. ஒரு வரிசையை மட்டும் ஏறுமுகமாக அடுக்கினால் ஜோடி பிரிந்துவிடும், பிறகு எதைப் போட்டும் பயனில்லை.

சராசரியிலிருந்து விலக்கம் எழுத வேண்டும். எக்ஸுக்கு -3, -1, 0, 1, 3. ஒய்க்கு -4, 0, -1, 3, 2. இரண்டும் தனித்தனியே கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும். வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். விலக்கங்களின் பெருக்கல்: 12, 0, 0, 3, 6, மொத்தம் 21. வர்க்கங்களின் கூடுதல் 20, 30. இனி 21-ஐ, 20×30 = 600-இன் வர்க்கமூலமான 24.495-ஆல் வகுத்தால் 0.857, இதுதான் கெழு.

அதிகம் தவறுவது குறியில்தான். -3, -4 பெருக்கலை -12 என்று எழுதினால் மொத்தம் -3 ஆகி, விடை -0.12 என்று தலைகீழாகும். பிடிக்க ஒரு வழி உண்டு, ஏனோ பலர் செய்வதில்லை: இரு விலக்கங்களையும் வரிக்கு வரி கூட்டி (-7, -1, -1, 4, 5) வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள், 92 வரும். 20 + 30 + 2×21 என்பதும் 92. குறி பிசகினால் இது ஒத்துவராது.

வர்க்கமூலம் எடுக்க மறந்தால் 21/600, அதாவது 0.035. 20, 30 இவற்றின் வர்க்கமூலங்களைப் பாதியிலேயே 4.5, 5.5 என்று முழுமைப்படுத்தினால் 0.848. சிலர் 21-ஐயும் வர்க்கக் கூடுதல்களையும் ஜோடி எண்ணிக்கையால் வகுத்துப் போடுவார்கள்; அப்போது மேலே 5-ஆலும், கீழே திட்டவிலக்கத்தில் (வர்க்கக் கூடுதலை வகுத்து எடுக்கும் வர்க்கமூலம்) ஒன்று குறைத்து 4-ஆலும் வகுத்தால் 0.686. இரண்டிலும் ஒரே எண் என்றால் அது அடிபட்டுப் போகும், ஆகவே வகுக்காமலே விடலாம்.

சராசரி தசமத்தில் வந்தால் விலக்க முறை வேண்டாம், விலக்கம் எடுக்காமல் மூல எண்களிலேயே போடும் நேர்சூத்திரம் மேல். எக்ஸ், ஒய் பெருக்கல்களின் கூடுதல் 196, எக்ஸ் வர்க்கங்களின் கூடுதல் 145, ஒய் வர்க்கங்களின் கூடுதல் 275. மேலே 5×196 − 25×35 = 105. கீழே 5×145 − 625 = 100, 5×275 − 1225 = 150. 15000-இன் வர்க்கமூலம் 122.47, விடை அதே 0.857. இதில் 145, 625 இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் ஆபத்து: வர்க்கங்களின் கூடுதல் வேறு, கூடுதலின் வர்க்கம் வேறு. எண்கள் பெரியவையா? எல்லா எக்ஸிலிருந்தும் ஒரே எண்ணைக் கழித்துவிடுங்கள், கெழு மாறாது. ஆனால் அந்த எண் சராசரியாக இல்லாவிட்டால், கழித்து வந்த எண்களின் கூடுதல் பூஜ்யமாக இருக்காது, நேர்சூத்திரத்தில்தான் போடவேண்டும்.