38 விநாடியில் தீரும் சோறு

எங்கள் நாய் செவலை சோறு தின்பதை முதன்முதலாகக் கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தபோது 38 விநாடி ஆனது. அரைக் கிலோ சோறு, முள்ளெடுத்த சாளை மீன் நான்கு, அது வெந்த தண்ணீர். தட்டை நான் தரையில் வைத்து நிமிர்வதற்குள் பாதி காலி. மீதி தீர்ந்த பிறகும் வெறும் தட்டை நக்கி நக்கி முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை தள்ளிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான், அவனை மெதுவாகத் தின்ன வைக்கும் ஒரு கிண்ணம் செய்யும் இந்த வேலையில் என்னை இறக்கியது. முருங்கை மரத்தடியில் போய் நின்றான். விலா இரண்டு முறை உள்ளே இழுத்தது. தின்றது அத்தனையும் ஒரே உருளையாக வெளியே வந்தது. சோற்றுப் பருக்கை ஒன்றுகூட உடையவில்லை, வேண்டுமானால் எண்ணிக்கொள்ளலாம். ஒரு கணம் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் தின்றான். இரண்டாம் பந்திக்கு முதல் பந்தியின் நேரம்கூட ஆகவில்லை.

"ஊர் பார்த்தால் நாம் பட்டினி போட்டு வளர்க்கிறோம் என்று நினைக்கும்" என்றாள் ஆச்சி. வாரத்தில் நாலைந்து நாள் இப்படி நடந்தது.

செவலை சிப்பிப்பாறைக் கலப்பு. ஏழு குட்டிகளுக்கு ஒரே தட்டு வைத்த தோட்டத்திலிருந்து வந்தவன். அங்கே மெதுவாகத் தின்ற குட்டிக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. அந்தப் பழக்கம் ஒரு காரணம் என்றால், உடம்பின் அமைப்பு இன்னொரு காரணம். நாய்க்கு 42 பல் இருந்தாலும் நம்மைப்போல அரைத்துத் தின்ன வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. மாவுச்சத்தை வாயிலேயே செரிக்கத் தொடங்கும் நொதி நம் எச்சிலில் உண்டு. நாயின் எச்சிலில் அது இல்லை என்றே சொல்லலாம். சோற்றைச் செரிக்கும் வேலையெல்லாம் உள்ளே போன பிறகுதான். ஓநாயைவிட நாய்க்கு அந்த நொதிக்கான மரபணுப் பிரதிகள் பல மடங்கு அதிகம் என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே சோறு தின்பதில் தவறில்லை, மெல்லாமல் விழுங்குவதும் பெரிய குற்றமில்லை. அவசரத்தில் சோற்றோடு சேர்ந்து உள்ளே போகும் காற்றுதான் தொல்லை.

கால்நடை மருத்துவரிடம் கேட்டபோது, அவர் வாந்தியைவிட நெஞ்சுக்கூட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினார். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போல ஆழமான நெஞ்சுள்ள நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு தம்பட்டம்போல விறைக்கும். நாய் ஓக்காளிக்கும், ஆனால் ஒன்றும் வெளியே வராது. அந்த நிலையில் மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். "உங்கள் நாய்க்கு வெளியே வருகிறதே, அதுவரை நல்லது. இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். தின்ற கையோடு ஓட விடாதீர்கள். வேகத்தைக் குறைக்க ஏதாவது செய்யுங்கள்" என்றார். முதல் இரண்டையும் அன்றே தொடங்கிவிட்டேன். மூன்றாவதற்கு ஏழு மாதம் பிடித்தது.

முதலில் வீட்டில் இருந்ததை எடுத்தேன். ஆச்சியின் ஏழு குழிப் பணியாரக்கல். குழிக்குக் குழி சோறு வைத்தால் நாய் ஏழு இடத்துக்கு அலைய வேண்டுமே என்பது என் கணக்கு. 1 நிமிடம் 20 விநாடி ஆனது. கூடியிருந்தாலும் நான் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. குழியின் வளைவும் நாய் நாக்கின் வளைவும் ஒன்றுக்கொன்று அளவெடுத்தது போலப் பொருந்துகின்றன. குழி சோற்றைச் சிதறவிடாமல் ஓரிடத்தில் சேர்த்துக் கொடுக்கிறது. நான் நாய்க்கு ஏழு கரண்டி செய்து கொடுத்திருக்கிறேன். பல்லாங்குழிப் பலகை மாதிரி பதினான்கு குழி வைத்து மரத்தில் ஒன்று செய்யலாம் என்று வரைந்து வைத்திருந்த காகிதத்தை அன்றே கிழித்துப் போட்டேன். பள்ளம் கூடாது, மேடு வேண்டும். நடுவில் மேடு இருந்தால் சோறு அதைச் சுற்றி ஒதுங்கி மெல்லிய வரியாகிவிடும். ஒரே வாயில் அள்ள முடியாது.

(பணியாரக்கல்லை நாய்க்கு வைத்ததற்கு ஆச்சியிடம் வாங்கிய வசவு இங்கே எழுதத் தக்கதல்ல. புதுக் கல் வாங்கிக் கொடுத்து, அதைப் பழக்கியும் கொடுத்தேன்.)

மேடு என்றதும் தாமிரபரணியிலிருந்து தேங்காய் அளவில் ஒரு கூழாங்கல் கொண்டுவந்து, கழுவித் தட்டின் நடுவில் வைத்தேன். ஒன்றரை நிமிடம். மூன்றாம் நாள் கல்லைக் காலால் உருட்டி வெளியே தள்ளக் கற்றுக்கொண்டான். போதாததற்குப் பல் கல்லில் மோதும் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது இதைச் செய்து பார்ப்பதாக இருந்தால், நாய் வாய்க்குள் போகாத அளவுக் கல்லாக இருக்க வேண்டும். சிறு கல்லை விழுங்கிவிட்டால் அறுவைச் சிகிச்சைதான்.

அடுத்து, மெதுவாகத் தின்ன வைப்பதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் கிண்ணம். உள்ளே கோலம்போல வளைந்து வளைந்து ஓடும் சுவர்கள். கடையில் விற்கும் காய்ந்த உருண்டைத் தீனியைப் போட்டால் 5 நிமிடம் தாண்டியது. மகிழ்ச்சியில் மறுநாள் சோறு போட்டேன். சுவருக்கும் தரைக்கும் இடையிலுள்ள இடுக்குகளில் சோறு அப்பிக்கொண்டது. நாக்கு எட்டவில்லை. கிண்ணத்தையே கவ்வித் தூக்கிக் கவிழ்த்து, முற்றத்தில் சிந்தியதைத் தின்றான். இடுக்கில் மீந்ததைப் பழைய பல் துலக்கியை வைத்து நோண்டி எடுக்க எனக்குக் கால் மணி நேரம். சாயங்காலம் எறும்பு வரிசை. நான்காம் நாள் புளித்த வாடை.

அந்தக் கிண்ணத்தைக் குறை சொல்ல மாட்டேன். அதைச் செய்தவர்கள் மனத்தில் இருந்தது உருண்டைத் தீனி தின்னும் நாய். நம் பக்கத்து நாய் தின்பது குழைந்த சோறு. உருண்டை உருளும், சோறு ஒட்டும். இந்த ஒரு வேறுபாட்டில் வடிவமே தலைகீழாக மாற வேண்டியிருக்கிறது.

எங்கள் வீரவநல்லூருக்கு அடுத்த ஸ்டேஷன் காருகுறிச்சி. நாதஸ்வரம் அருணாசலத்தால் ஊர் பெயர் பெற்றது, எங்கள் பக்கத்தில் மண்பானைக்கும் பெயர்போன ஊர் அதுதான். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டம் போட்ட தாளில் படம் வரைந்து எடுத்துக்கொண்டு அங்கே ஒரு வேளார் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது சோறு போடுவதற்கா தம்பி, போடாமல் இருப்பதற்கா?"

நான் வரைந்திருந்தது நத்தைச் சுருள் மாதிரி ஒரு சுவர், 4 செ.மீ. உயரம், அரை செ.மீ. கனம். "சுவர் கட்டக் கொத்தனாரிடம் போகலாமே" என்றார். ஆனாலும் செய்து கொடுத்தார். அடித் தட்டைச் சக்கரத்தில் எடுத்து, களிமண் திரியைக் குழம்பு மண் தடவி அதன்மேல் ஒட்டினார். நிழலில் எட்டு நாள் காய்ந்தது. போய்ப் பார்த்தபோது சுவர் அடியோடு ஒரு மயிரிழை விரிசல், சுருள் முழுக்க. மெல்லிய சுவர் முந்திக் காய்ந்து சுருங்குகிறது. கனத்த அடி இன்னும் ஈரம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்தால் ஒட்டு விடத்தானே செய்யும்? அண்ணாச்சிக்கு இது முதல் நாளே தெரியும். நான் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்.

"உனக்கு வேண்டியது மேடுதானே? சுவர் எதற்கு?" என்று கேட்டுவிட்டு, பானையின் அடியைத் தட்டி மூடும் கல்லையும் பலகையையும் எடுத்தார். பானைக்கு உள்ளே கல்லைத் தாங்கிக்கொண்டு வெளியே பலகையால் தட்டுவதுதான் வழக்கம். இங்கே பாதி காய்ந்த தட்டைக் கையில் ஏந்தி, அடியிலிருந்து கல்லால் மெல்ல உந்தி, மேலே சுற்றிலும் பலகையால் தட்டினார். தட்டின் தரை ஒரு குமிழாக எழும்பியது. ஒட்டே இல்லை. குமிழும் தரையும் ஒரே கனம், அடியில் வெற்று. கால் மணி நேரத்தில் சுற்றிலும் ஐந்து, நடுவில் கொஞ்சம் உயரமாய் ஒன்று. நான் ஒரு மாதம் தாளில் போட்ட கோட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இடைவெளி மட்டும் என் பொறுப்பு. செவலையின் மூக்கு நுனி அகலத்தை நூல் வைத்து அளந்தேன்: நாலரை செ.மீ. இரண்டு குமிழுக்கு நடுவே மூக்கு முழுக்க இறங்கிவிட்டால் அள்ளிவிடுவான். நாக்கு மட்டும் போக வேண்டும். மூன்று செ.மீ. என்று முடிவு செய்தேன். காய்ந்து சுட்டு வரும்போது பத்தில் ஒரு பங்கு குறையும் என்று அண்ணாச்சி சொன்னதால் ஈர மண்ணில் 3.3. கூர்மூக்கு நாய்க்கு இந்தக் கணக்கு. சப்பை மூக்கு நாய்க்கு இது ஆகாது.

ஆனியில் சூளையிலிருந்து இரண்டு வந்தன. ஒன்றில் கருப்பாகப் புகை படிந்திருந்தது. மற்றதில் முதல் சோறு: 4 நிமிடம் 10 விநாடி. அன்று முருங்கை மரத்தடிக்கு அவன் போகவில்லை.

குறைகள் அடுத்த வாரம் ஒவ்வொன்றாக வந்தன. கிண்ணம் நகர்ந்தது. பானைக்கு வைப்பதுபோலப் பிரிமணை வைத்தேன். நகர்வது நின்றது, ஆனால் கயிறு சோற்றுத் தண்ணீரில் ஊறி நாறியது. இப்போது பழைய சைக்கிள் டியூபை வளையமாகக் கட்டி அதன்மேல் வைக்கிறேன். மண் மீன் வாடையைக் குடித்தது. அரிசி கழுவிய கழுநீரில் இரண்டு நாள் ஊறவைத்து, கஞ்சி ஊற்றி ஆறவிட்டு, புதுச் சட்டி பழக்குவதுபோலப் பழக்கிய பிறகு குறைந்திருக்கிறது. முழுக்கப் போகவில்லை. ஒரு நாள் பயன்படுத்தினால் மறுநாள் முழுக்க வெயில், ஆகவே இரண்டு கிண்ணம் வேண்டும். பளபளப்புப் பூச்சு போட்டால் வாடை ஏறாது என்று ஒருவர் சொன்னார். சில பூச்சுகளில் ஈயம் இருக்கும், நாயோ நாள் முழுக்க நக்கும். வேண்டாம் என்றுவிட்டேன்.

பெரிய குறை குமிழின் சரிவில் இருந்தது. கவிழ்த்த சிரட்டை மாதிரி செங்குத்தாக நின்றதால் அது தரையைத் தொடும் இடத்தில் ஒரு கூரான மடிப்பு. அங்கே ஒவ்வொரு வேளையும் பத்துப் பருக்கை தங்கியது. கழுவும்போது என் சுட்டுவிரல் நுனி அந்த மடிப்புக்குள் போகவில்லை. அப்போதுதான் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: என் விரல் போகாத இடத்துக்கு அவன் நாக்கும் போகாது. இதை அண்ணாச்சியிடம் சொன்னபோது, "அப்படியானால் சிரட்டையாக வேண்டாம், இட்லியாகத் தட்டுகிறேன்" என்றார். இந்தத் தொழிலில் நான் கேட்ட மிகத் தெளிவான வரைபடம் அதுதான்.

இட்லிக் கிண்ணம் ஆவணியில் வந்தது. விளிம்பும் இம்முறை தடிமனாக உருட்டி விட்டது. முந்தைய கிண்ணத்தைச் செவலை கவ்வி ஒரு துண்டு பெயர்த்திருந்தான். சரிவு குறைந்ததால் வேகம் கூடிவிடுமோ என்று பயந்தேன். 5 நிமிடம் 40 விநாடி. தரை அகலமாகிச் சோறு இன்னும் மெல்லிதாகப் பரவியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு வாரத்தில் அவன் பழகிக்கொண்டான்: முதலில் ஓரத்தை ஒரு சுற்று, பிறகு குமிழ்களுக்கு நடுவே, கடைசியாக நடுக் குமிழின் தலை. நேரம் நாலரை நிமிடத்தில் வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை. வாந்தி கடந்த ஆறு வாரத்தில் இரண்டு முறை. அதில் ஒன்று, யாரும் பார்க்காத நேரத்தில் தெருவில் எதையோ தின்றுவிட்டு வந்ததால்.

கிண்ணத்தை முக்காலிமேல் உயர்த்தி வைத்தால் கழுத்து வலிக்காது என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. ஆனால் பெரிய நாய்களை வைத்து அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்த்தி வைத்த கிண்ணத்தில் தின்ற நாய்களுக்கே இரைப்பை முறுக்கம் கூடுதலாக வந்திருக்கிறது. ஆகவே தரையிலேயே இருக்கட்டும். அத்தை கொண்டுவந்த மீந்த சொதியையும் மறுக்க வேண்டியதாயிற்று. வெங்காயம் நாய்க்கு ஆகாது. அத்தைக்கு இரண்டுமே வருத்தம்.

அத்தை வீட்டில் ஒரு பொமரேனியன் இருக்கிறது. அதற்குத் தாழ்ந்த குமிழும் நெருக்கமான இடைவெளியும் வைத்து அளவு எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் ஐப்பசி மழை பிடித்துவிட்டது. மண் காயாது, சூளை ஏறாது. கிடைக்கிற வெயிலில் அண்ணாச்சி கார்த்திகைக்கு அகல் விளக்கு காய வைக்கிறார், அது முடிந்தால் பொங்கல் பானை. என் முறை தைக்குப் பிறகுதான்.

போன வாரம் போனபோது, புகை படிந்ததென்று நான் வாங்காமல் விட்ட கிண்ணம் அவர் வீட்டுக் கொல்லையில் கிடந்தது. அதில் கோழிக்குஞ்சுகளுக்குக் குருணை போட்டிருந்தார்கள். தட்டையான தட்டில் காலால் கிளறிப் பாதியைக் கொட்டும் குஞ்சுகள், குமிழ் தடுப்பதால் கிளற முடியாமல் ஓரமாக நின்று கொத்திக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் நடுக் குமிழின் உச்சியில் ஏறி நின்றது. "இதற்குக் குமிழ் இன்னும் கிட்டக் கிட்ட இருந்தால் நன்றாக இருக்கும். நீ அளவு எழுதித் தா" என்றார் அண்ணாச்சி. குஞ்சின் கால் அகலத்தை அளக்க நூலை எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு போகிறேன்.