முந்நூறு ரூபாய் வேலை

கும்பகோணத்தில் அம்மா வீட்டு மாடித் தொட்டி ராத்திரியெல்லாம் வழிந்தது. பிளம்பர் போனில் சொன்ன கூலி 300 ரூபாய். சரி, வாங்க என்றேன்.

தொட்டி நிறைந்ததும் தண்ணீரை நிறுத்தும் மிதவை வால்வு போய்விட்டது என்றார். போனது உண்மைதான், அதன் மிதக்கும் பந்துக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. அரை மணி நேர வேலை. அப்புறம் ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார்: வால்வு 650, டெஃப்லான் டேப் 50, கடைக்குப் போய்வந்த பெட்ரோல் 150, கூலி 300. ஆக 1,150.

குப்பையில் கிடந்த வால்வு அட்டைப்பெட்டியை எடுத்துப் பார்த்தேன். எம்.ஆர்.பி. 420.

"வரி தனிங்க சார்."

எம்.ஆர்.பி. என்றாலே வரியெல்லாம் அடக்கம். பெட்டியைக் காட்டியதும் தலையைச் சொறிந்தார். அதற்குள் அம்மா காபியோடு வந்து, "வெயில்ல மாடி ஏறுன புள்ளைடா" என்று என்னைத்தான் அடக்கினார். (எனக்குக் காபி இல்லை.)

900 கொடுத்தேன். பழைய வால்வு இன்னும் என் பைக் பெட்டியில் கிடக்கிறது. அடுத்த முறை அதைக் காட்டி நானே வாங்கிவரத்தான்.