வெட்டு விழும் இடம்

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், செல்லுக்கு வடிவமும் அசைவும் தரும் ஆக்டின் என்ற புரதத்தின் இழைகளோடு, அவற்றை வெட்டும் கோஃபிலின் புரதத்தைக் கலந்து, பைரீன் சாயத்தின் ஒளிர்வு எப்படிக் குறைகிறது என்று அளப்பதே எனக்குத் தரப்பட்ட வேலை. ஆக்டின் தனி மூலக்கூறாக இருக்கையில் மங்கலாகவும், இழையில் சேர்ந்ததும் பல மடங்கு பிரகாசமாகவும் ஒளிரும் சாயம் அது. கோஃபிலினைச் சேர்த்த சில நொடிகளிலேயே வரைகோடு சரிந்ததைப் பார்த்து, இழைகள் கலைந்துவிட்டன என்று குறிப்பேட்டில் எழுதினேன். பல வாரங்கள் அப்படியே நம்பியும் இருந்தேன். அதே கலவையை அதிவேக மையவிலக்கியில் சுழற்றிப் பார்த்தபோதோ, ஆக்டினின் பெரும்பகுதி இழையாகவே அடியில் படிந்திருந்தது. கோஃபிலின் ஒட்டினாலே பைரீனின் ஒளிர்வு அடங்கிவிடும் என்பதை மூத்தவர் ஒருவர் விளக்கிய பிறகுதான், நான் அளந்தது இழை கலைவதை அல்ல, புரதம் ஒட்டுவதை என்று புரிந்தது.

பிறகு வேறொரு சாயம் ஏற்றிய இழைகளைத் தனித்தனியாக நுண்ணோக்கியில் பார்க்கத் தொடங்கினேன். ஓர் இழையின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர். ஒரு மைக்ரோமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 370 மூலக்கூறுகள். கோஃபிலின் குறைவாக இருந்தபோது, அசையாமல் கிடந்த இழையின் நடுவே திடீரென ஓர் இருண்ட இடைவெளி தோன்றும், இரு துண்டுகளும் விலகும். அளவைக் கூட்டினால் வெட்டும் கூடும் என்று எதிர்பார்த்தேன். மிகுதியாகச் சேர்த்தபோது வெட்டு குறைந்தே போனது. கோஃபிலின் ஒட்டிய பகுதி கூடுதலாக முறுக்கிக்கொள்கிறது, ஒட்டாத பகுதி பழைய முறுக்கிலேயே இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லையில்தான் இழை பெரும்பாலும் முறிகிறது. முழுவதும் போர்த்தப்பட்ட இழையில் அந்த எல்லையே இல்லை.

எங்கே ஒட்டுவது என்பதை இழையின் வயது தீர்மானிக்கிறது. இழையில் சேரும் ஆக்டின் மூலக்கூறு ஏந்திவரும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு சில நொடிகளில் பிளந்தாலும், பிளந்த பாஸ்பேட் வெளியேறச் சில நிமிடங்கள் ஆகும். அது போன பின், பழைய பகுதியில் எஞ்சியிருப்பது ஏடிபி அல்ல, ஏடிபியின் ஒரு பாஸ்பேட் குறைந்த வடிவம். கோஃபிலின் இறுகப் பற்றுவது அதைத் தாங்கிய பகுதியையே. உதிர்ந்த மூலக்கூறுகளில் புரோஃபிலின் என்ற வேறொரு புரதம் மீண்டும் ஏடிபியை ஏற்றி, வேகமாக வளரும் முனைக்கு அனுப்புகிறது.

கண்ணாடித் தகட்டில் நிலைத்து நின்ற, முழுவதும் போர்த்தப்பட்ட அந்த இழைகள் செல்லுக்குள் அப்படி நிற்பதில்லை. சைக்லேஸ் சார்ந்த புரதம் எனப்படும் இன்னொரு புரதம், கோஃபிலின் மூடிய இழையை அதன் மெதுவான முனையிலிருந்து மிக வேகமாகக் கழற்றுகிறது. தகட்டில் அதையும் சேர்த்த அன்று, அசையாமல் நின்ற இழை ஒரு முனையிலிருந்து சீராகக் குறுகிக்கொண்டே வந்ததை முழுவதும் பார்த்த பிறகே இருக்கையை விட்டு எழுந்தேன்.