ஒரே மேட்டுக்கு இரண்டு பேர் போட்டி: சோலார் நிலத்தில் தொல்லியல் தாக்க மதிப்பீடு

நிலத்தில் வேலை தொடங்கும் முன், மண்ணுக்குள் இருக்கும் பழைய தடயங்களுக்கு என்ன பாதிப்பு வரும் என்று பார்ப்பதுதான் தொல்லியல் தாக்க மதிப்பீடு. சோலார் நிலையத்துக்கு நிலம் தேடுகிறவர் முதலில் கேட்பது, வெள்ளம் ஏறாத இடமா என்பதைத்தான். ஐயாயிரம் ஆண்டுக்கு முன், மலேசியாவின் பினாங்கு மாநில நிலப்பகுதியான செபராங் பிறையில் குடியிருந்தவர்களும் அதையேதான் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மேடு பிடித்துப்போகிறது. தாழ்வான சதுப்பில் பேனல் வரிசை, மேட்டில் சப்ஸ்டேஷன், இன்வர்ட்டர் மேடை, கிடங்கு என்று வரைபடம் வந்தால் அந்த மேட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஊர்ப் பெயரே துப்புக் கொடுக்கும். பெர்மாத்தாங் என்றால் பழைய கடற்கரையின் மணல் திட்டு. குவார் என்றால் மேட்டு நிலம். கெப்பா என்றால் மட்டி. பெனாகா பக்கத்துக் குவார் கெப்பாவை 1860-களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய மனிதர்கள் தின்று போட்ட ஓடுகள் குவிந்த சிப்பி மேடுகள் அங்கே இருந்தன. அவற்றில் பெரும்பகுதி சுண்ணாம்புக்காக அள்ளப்பட்டுவிட்டது. 1934-இல் அகழாய்வும் நடந்தது. இவ்வளவுக்குப் பிறகும் 2017-இல் அங்கே காட்சிக்கூடம் கட்ட மண் தோண்டியபோது 'பினாங்குப் பெண்' என்று பெயர் பெற்ற பழங்கால எலும்புக்கூடு கிடைத்தது. 'ஏற்கெனவே தோண்டிய இடம், இனி ஒன்றும் இருக்காது' என்று யாராவது சொன்னால் இதைத்தான் பதிலாகச் சொல்வோம்.

வேலை தொடங்குவது நிறுவனத்தின் பொறியாளர் மேசையில். எந்த வேலை மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்று ஒரு பட்டியல் வாங்க வேண்டும். பேனலைத் தாங்கும் இரும்புக் கால்கள், அதாவது பைல்கள், பெரும்பாலும் 1.5 முதல் 2.5 மீட்டர் இறங்கும். ஆனால் ஒவ்வொன்றும் கெடுப்பது ஒரு கையகல இடம். கேபிள் பள்ளம் 1 மீட்டருக்குள் அடங்கும். ஆனால் தொடர்ச்சியாகக் கிழித்துக்கொண்டு போகும். வண்டல் தேக்கக் குளம் அதைவிட ஆழம். எல்லாவற்றிலும் மோசம் நிலத்தைத் துப்புரவாக்குவதும் சமன் செய்வதும். நிலம் பழைய செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டமாக இருந்தால், மரத்தின் அடிக்கட்டையை எக்ஸ்கவேட்டர் வேரோடு பிடுங்கினால் ஏறக்குறைய முக்கால் மீட்டர் மண் பந்தாக வெளியே வரும். சிப்பி மேட்டின் மிச்சம் இருப்பதும் பெரும்பாலும் அந்த ஆழத்தில்தான். இருந்தும் பல அறிக்கைகளில் பைல்களைப் பற்றி நாலு பக்கம், கட்டை பிடுங்குவதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

ஒரு மெகாவாட்டுக்கு மூன்று நான்கு ஏக்கர் என்று வைத்தால் 50 மெகாவாட்டுக்கு 150 முதல் 200 ஏக்கர். இதை முழுக்க நடந்தே பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். அதற்கு முன் பழைய நில அளவை வரைபடம், வான்படம், மண்ணியல் வரைபடம் மூன்றையும் இன்றைய எல்லையோடு ஒன்றின்மேல் ஒன்றாகப் போட வேண்டும். இங்கேதான் அடிக்கடி சறுக்கும். இடத்தைக் குறிக்கும் ஆய முறைகள் வேறு வேறு: நில அளவையாளர் காசினி ஆயத்தில் கொடுப்பார், கையில் இருக்கும் ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ்84-இல் காட்டும், பழைய வரைபடம் கெர்த்தாவ் அடிப்படையில் இருக்கும். மாற்றாமல் போட்டால் புள்ளிகள் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். பழைய இடத்தைச் சுற்றி வேலை செய்யாமல் விடும் காப்பு வளையம் பக்கத்து வயலில் போய் உட்காரும். நிலத்தில் கண்ணுக்குத் தெரியும் இரண்டு எல்லைக் கற்களை நாமே அளந்து சரிபார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

நில உரிமைப் பத்திரத்தை நம்பி உட்காரக் கூடாது. பக்கத்துக் கெடாவில், பூஜாங் பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் சண்டி, அதாவது பழைய கோயில் இடிபாடு, தனியார் நிலத்தில் இருந்தது. அது இடிக்கப்பட்ட விவரம் 2013-இல்தான் வெளியே வந்தது. அரசிதழில் ஏறாத இடம் பத்திரத்தில் தெரியாது. ஆய்வுக் கட்டுரைகளையும் அருங்காட்சியகப் பதிவுகளையும் தேடிப் போவது இதற்காகத்தான்.

செம்பனைத் தோட்டத்தில் நடப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வரிசைக்கு வரிசை ஏறக்குறைய 8 மீட்டர். ஒன்றுவிட்டு ஒரு இடைவெளியில் குலை வெட்டுகிற பாதை. மற்றதில் மட்டை அடுக்கியிருப்பார்கள். மட்டை அடுக்கின் கீழே தரை தெரியாது. ஆகவே நடக்கிற கோடு தானாகவே 16 மீட்டருக்கு ஒன்றாகிவிடும். அறிக்கையில் 'முழு நிலமும் பார்த்தோம்' என்று எழுதாமல், தரை தெரிந்த பங்கு எவ்வளவு என்று எழுதுவதுதான் நேர்மை. அதிகம் கிடைப்பது பாரிட் (வடிகால் வாய்க்கால்) ஓரங்களிலும், சாய்ந்த மரத்தின் வேர்க்குழியிலும், நண்டு வளை வாயில் தள்ளியிருக்கும் மண்ணிலும்தான்.

சிப்பி கிடந்தாலே பழைய குடியிருப்பு என்று துள்ளக் கூடாது. பெர்மாத்தாங் முழுக்க இயற்கைச் சிப்பி உண்டு. இயற்கைப் படுகையில் குஞ்சு முதல் பெரிசு வரை எல்லா அளவும், பல இனமும் கலந்திருக்கும். அலை உருட்டி ஓரம் மழுங்கியிருக்கும். சில இரண்டு ஓடும் மூடியபடியே கிடக்கும். மனிதர் தின்று போட்டதில் ஓரிரண்டு இனம்தான் மிகுதி, அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். கரி, மீன் முள், பானை ஓடு, கருகிய சிப்பி கூடவே வரும். ஒரு வாளி மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையில் தண்ணீர் ஊற்றி அலசினால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பழைய இரும்பு உலையின் கழிவான இரும்புக் கசடிலும் இதே குழப்பம்: செம்புறைக் கற்குண்டை உடைத்தால் உள்ளே மஞ்சளும் சிவப்புமாக இருக்கும், உலைக் கசடில் உருகி வழிந்த வரியும் காற்றுக் குமிழும் தெரியும்.

மேலே கிடப்பதைப் பார்த்துக் குறிப்பது வேறு, தோண்டுவது வேறு. 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம், அதாவது சட்டம் 645, உரிமம் இல்லாத அகழாய்வை அனுமதிக்காது. பினாங்குக்கு 2011-இல் வந்த மாநிலப் பாரம்பரியச் சட்டமும் தனியாக உண்டு. சோதனைக்குழி திட்டமிட்டால் உரிம விண்ணப்பத்தை நடைக்களப்பணிக்கு முன்பே போட்டுவிட வேண்டும். குழி 1 மீட்டருக்கு 1 மீட்டர், 10 செண்டிமீட்டர் அடுக்காக இறக்குவது வழக்கம். தாழ்வான பகுதியில் முழங்கால் ஆழத்திலேயே நீர் ஊறும். ஆண்டின் கடைசி மாதங்களின் மழையில் பம்பு வைத்தாலும் சுவர் சரியும். அந்த மாதங்களை அட்டவணையிலிருந்து விலக்கிவிடலாம்.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பழைய தோட்டத்து இடுகாடும் கோயிலும். தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் இடிந்து நாற்பது வருடம் ஆகியிருக்கும். வரைபடத்தில் 'தோட்டம்' என்று மட்டும் போட்டிருக்கும். தனியாக நிற்கும் அரசமரம், சாய்ந்த சூலம், செங்கல் விளிம்பு தெரிந்தால் அங்கேயே நிற்க வேண்டும். பழைய தொழிலாளர் குடும்பங்களைத் தேடிப் பிடித்து, 'எங்கே புதைச்சாங்க?' என்று நேரடியாகக் கேட்டால் விரல் நீட்டிக் காட்டுவார்கள். மேலாளரிடம் கேட்டால் தெரியாது என்றுதான் வரும், அவர் வந்தே இரண்டு வருடம்தான் ஆகியிருக்கும். மனித எலும்பு வெளிப்பட்டால், காலம் எதுவானாலும், முதல் தகவல் போலீசுக்கு.

இடம் உறுதியானால் தவிர்ப்பதே முதல் தீர்வு: மேட்டைச் சுற்றி 30 முதல் 50 மீட்டர் விட்டு வேலி. சப்ஸ்டேஷனை நகர்த்தச் சொன்னால் பொறியாளருக்குக் கோபம் வரும். வரைபடம் முடிவாகும் முன் சொன்னால் வராது. தவிர்க்க முடியாத ஓரங்களில் பைலுக்குப் பதில் தரைமேல் வைக்கும் கான்கிரீட் எடைக் கட்டை, பள்ளத்துக்குப் பதில் தரைமேல் கேபிள் தட்டு, பாதைக்குத் துணிவிரிப்பு போட்டு மேலே மண் நிரப்பல். செம்பனையைப் பிடுங்காமல் தரையோடு வெட்டச் சொன்னால் அக்கம்பக்கத் தோட்டங்கள் ஆட்சேபிக்கும். மக்கிய தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அதற்கு ஒத்துப்போகும் வழி: தண்டைத் துண்டாக நறுக்கிப் பரப்பி, கட்டையை மட்டும் மண்ணுக்குள் விடுவது.

வேலை தொடங்கியதும் மேற்பார்வைக்கு ஒருவர் எக்ஸ்கவேட்டர் பக்கத்தில் நிற்க வேண்டும், வாளி பல் இல்லாததாக இருக்க வேண்டும். பல் வாளி இழுத்த தரையில், பழைய குழி இருந்த இடத்து மண்ணின் நிற வேறுபாடு தெரியாது. காலை விளக்கத்தை மலாய், தமிழ், வங்காளி, நேப்பாளி என ஆட்களின் மொழியிலேயே செய்து, நிஜச் சிப்பித் துண்டையும் பானை ஓட்டையும் கையில் கொடுத்துக் காட்டினால் போஸ்டரைவிட அதிகம் பிடிபடும்.

கடைசியாக, 'மீளக்கூடிய தாக்கம்' என்ற சொல்லை ஏற்கும் முன் சோலார் நிலையத்தின் ஒப்பந்தம் முடிந்தபின் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். இருபது வருடத்துக்கு மேல் மண்ணில் இருந்த இரும்புக் காலைப் பிடுங்கினால் சுற்றியுள்ள அடுக்கையும் சேர்த்தே இழுக்கும். காப்பு வளையத்தின் ஓரத்தில் உள்ள பைல்களைத் தரைமட்டத்தில் அறுத்து உள்ளே விட்டுவிட வேண்டும் என்ற ஒரு வரியை நிபந்தனைப் பட்டியலில் இப்போதே எழுத வைக்கலாம்.