பொம்மைக்கு லோ சுகர்

2019 பாடத்திட்டத்துக்குப் பின் மருத்துவக் கல்லூரி என்றால் ஸ்கில் லேப், அதாவது மாணவர்கள் பொம்மை நோயாளியிடம் சிகிச்சை பழகும் கூடம், இருந்தாக வேண்டும். கோவையில் எங்கள் கல்லூரி லேபில் இருக்கும் பொம்மைக்கு மூச்சும் நாடியும் உண்டு. பேச்சு மட்டும் பக்கத்து அறை மைக்கிலிருந்து நான் கொடுப்பது.

முதலில் வந்த கேஸ் ஷீட்டில் நோயாளி ஆரஞ்சு ஜூஸ் குடித்து எழுந்துவிடுவார். அது நம்மூருக்கு ஒட்டவில்லை. இப்போதைய நோயாளி சென்னிமலைப் பக்கத்துத் தறிக்காரர், வயது 62. புரட்டாசி சனிக்கிழமை ஒருசந்தி. சோறு உண்ணாதவர் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடு மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார். சர்க்கரை 38.

"அம்மிணி, கண்ணெல்லாம் இருட்டீட்டு வருதுங்" என்று இழுப்பேன். சிரித்தபடி நுழைந்தவர்களின் சிரிப்பு அங்கேயே நின்றுவிடும். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம்தான். ஆனாலும் ஒரு மாணவர் பாட்டில் லேபிளைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே நின்றார்.

சர்க்கரை 140க்கு ஏறியதும் யாராவது கையுறையைக் கழற்றத் தொடங்குவார்கள். "இப்போது இரண்டு மணி நேரம் கழிந்துவிட்டது" என்று அறிவித்து மறுபடி 52க்கு இறக்குவேன். கிளிமெபிரைடு அப்படித்தான்: கணையத்தை விடாமல் இன்சுலின் சுரக்க வைக்கும். சிறுநீரகம் பழுதான முதியவர்களுக்கு ஒரு நாளைத் தாண்டியும் இழுக்கலாம். குளுக்கோஸ் டிரிப்போடு கண்காணிப்பில் வைக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

அப்புறம் டீயோடு உட்கார்ந்து பேசுவோம். இதற்கு மதிப்பெண் கூடாது என்பதில் நான் பிடிவாதம். தாளை எடுத்தாலே பிள்ளைகள் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். "பயமா இருந்துச்சா?" என்றால் "இல்லைங்க சார்" என்று ஒரே குரலில் பதில் வரும். "கோபம் வந்துச்சா?" என்று கேட்டால்தான் வாய் திறப்பார்கள். "சாப்பிடாம எதுக்குங்க சார் மாத்திரை போடணும்?" என்று வெடித்த பெண், கொஞ்ச நேரம் கழித்து, பெருந்துறையில் தன் அப்பத்தாவும் இதையேதான் செய்கிறார் என்றாள்.

வார்டில் இந்தக் கோபம் அறிவுரை வேடத்தில் வெளியே வரும். அதனால் உடனே இரண்டாம் சுற்று: அடுத்த சனிக்கிழமை பற்றி நோயாளியிடம் பேச வேண்டும்.

"விரதத்தை விட்டுடுங்க ஐயா."

"அதெப்படிங் அம்மிணி, பெருமாளுக்கு வேண்டிக்கிட்டது."

அவள் யோசித்தாள். "சரிங்க ஐயா. அப்ப வெள்ளிக்கிழமையே ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. மாத்திரையை எப்படி மாத்திக்கறதுன்னு எழுதித் தர்றோம். நடுக்கம் வந்தா மட்டும் விரதம் பாக்காம சக்கரைத் தண்ணி குடிச்சுடணும்."

பொம்மை ஒப்புக்கொண்டது.