கலம் கொலஸ்திரோலை அளக்கும் இடம்

நம் கல்லூரியின் உயர்தர விலங்கியல் வகுப்பில் கலமென்சவ்வை வரையும்போது கொலஸ்திரோலுக்கு ஒரு சிறு கோடுதான் கிடைத்தது. அந்தக் கோட்டின் முழுக்கதை தென்னாபிரிக்காவின் டேர்பனில் ஆய்வுகூட வேலைக்கு வந்தபின்தான் விளங்கியது. இப்போது உயிரியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக அதை எழுதுகிறேன்.

கலத்திலுள்ள கொலஸ்திரோலில் பெரும்பங்கு வெளிமென்சவ்வில் இருக்கிறது. ஆனால் அளவு பார்ப்பது, அது மிகக் குறைவாக உள்ள அகமுதலுருச் சிறுவலையில் (கலத்தின் உள்ளேயுள்ள மென்சவ்வு வலை). இருப்பு சிறிதென்பதால் சிறு மாற்றமும் அங்கே உடனே தெரியும். இலிப்பிட்டு மூலக்கூறுகளில் கொலஸ்திரோல் ஏறத்தாழ 5 வீதத்தைத் தாண்டினால் ஸ்காப் என்ற புரதம், இன்சிக் என்ற இன்னொரு சிறுவலைப் புரதத்துடன் பிணைந்து அங்கேயே நின்றுவிடும். குறைந்தால், பரம்பரையலகுகளை இயக்கவல்ல எஸ்ஆர்இபிபி-2 என்ற புரதத்தைக் கொல்கி உடலுக்குக் கொண்டுபோகும். அங்கே இரண்டு நொதியங்கள் அடுத்தடுத்து வெட்ட, விடுபட்ட துண்டு கருவுக்குள் போய்ப் பரம்பரையலகுகளை முடுக்கும். கொலஸ்திரோல் ஆக்கும் நொதியமும் எல்டிஎல்லைப் (இரத்தத்தில் கொலஸ்திரோலைச் சுமக்கும் துணிக்கை) பிடிக்கும் எல்டிஎல் வாங்கி என்ற புரதமும் கூடும்.

அமெரிக்க ஆய்வாளர்கள் பிரவுணுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது இந்த வாங்கிதான். எல்டிஎல் துணிக்கையைப் பிடித்து உள்ளே போகும். அமிலத்தன்மை கூடியதும் அதைக் கைவிட்டு, ஏறத்தாழ 10 நிமிடத்தில் மேற்பரப்புக்குத் திரும்பும். துணிக்கை, கலத்தின் சமிபாட்டுப் பையான இலைசோசோமில் உடையும். அங்கிருந்து கொலஸ்திரோலை வெளியேற்றும் என்பிசி1 என்ற புரதம் பழுதானால் அது அங்கேயே தேங்கும். சிறுவலைக்கோ எதுவும் வந்துசேராது. ஆகவே நிரம்பி வழியும் கலம் மேலும் ஆக்கிக்கொண்டிருக்கும்.

கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்டாற்றின் மருந்து ஈரலின் உற்பத்தியை மறிக்க, சிறுவலையில் அளவு இறங்கி வாங்கிகள் பெருகும். இரத்த எல்டிஎல் குறையும். ஆனால் அதே எஸ்ஆர்இபிபி-2, வாங்கியைத் திரும்பவிடாமல் அழிவுக்கு அனுப்பும் பிசிஎஸ்கே9 என்ற புரதத்தையும் கூட்டும். மருந்தை இரட்டித்தால் எல்டிஎல் மேலும் 6 வீதமளவே குறைவதற்கு இதுவும் காரணம். இரட்டிப்பதைவிட, குடலில் உறிஞ்சலைத் தடுக்கும் எசெற்றிமைப் என்ற மருந்தைச் சேர்ப்பதே கூடுதல் பயன் தரும்.

தென்னாபிரிக்காவில் இது ஏட்டுச் சங்கதி அல்ல. பெரும்பாலும் டச்சுக் குடியேறிகளின் வழிவந்த ஆபிரிக்கானர் மக்களிடையே வாங்கிப் பரம்பரையலகின் பழுது உலகச் சராசரியைவிடப் பலமடங்கு அதிகம். இந்தியக் குடும்பங்களிலும் உண்டு. ஒரு பிரதி பழுதானால் எல்டிஎல் ஏறத்தாழ இரட்டிக்கும். இரண்டுமே செயலிழந்த பிள்ளைக்கு ஸ்டாற்றினால் பெரிய பலனில்லை, பெருக்க வாங்கியே கிடையாதே! டேர்பனில் இந்தியர் வாழும் சட்ஸ்வேர்த் வீடுகளில் நெய்யைக் குறைத்தால் போதும் என்பார்கள். இந்தப் பழுதுக்கு அது போதாது. குதிக்கால் நாண் தடித்திருந்தாலோ, வளர்ந்தவரின் எல்டிஎல் லீற்றருக்கு 4.9 மில்லிமோலைத் தாண்டினாலோ உடன்பிறந்தார், பிள்ளைகள் எல்லோருக்கும் இரத்தம் பார்க்கவேண்டும். 16 வயதுக்குக் கீழென்றால் 4.0ஐத் தாண்டினாலே சந்தேகிக்கவேண்டும்.